பச்சத்தண்ணி பட்டாலே எரிஞ்ச முகம்

ஒரு நாள் ராத்திரி வேலை முடிஞ்சு வந்து முகம் கழுவலாம்னு தண்ணிய கையில அள்ளி அடிச்சேன், ரெண்டு கன்னமும் திகுதிகுன்னு எரிய ஆரம்பிச்சிடுச்சு. சோப்பு கூட இன்னும் போடல, வெறும் பச்சத்தண்ணி. அப்படியே குழாயைப் பிடிச்சுட்டு நின்னேன், கண்ணாடியில பாத்தா மூக்கோரம் செவந்து தோல் மெல்லிசா பளபளன்னு கண்ணாடி பேப்பர் மாதிரி இருக்கு, ஆனா நெத்தியில மட்டும் எண்ணெய் வழியுது, அந்த எண்ணெய்க்கு அடியில சின்னச் சின்ன பொரிப்பொரியா அப்படியே இருக்கு. எரியுது, உரியுது, எண்ணெயும் வடியுது. மூணும் ஒரே முகத்துல ஒரே நேரத்துல எப்படிடா இருக்கும்னு அன்னிக்கு எனக்குப் புரியவே இல்ல.

இத எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். எண்ணெய் முகம், போர்ஸ், அதாவது தோல்ல இருக்கற குட்டிக் குட்டித் துவாரம், அடைச்சுப் போன முகம் வெச்சிருக்கற எல்லாரும் கிட்டத்தட்ட நான் பண்ணின அதே தப்பத்தான் பண்றாங்க, தன் முகத்து மேல ஒரு கோவத்தோட இருக்காங்க. அந்தக் கோவம் எனக்கு நல்லாத் தெரியும், பதிமூணு வயசுலேர்ந்து "மூஞ்சிய கழுவிட்டு வா"ன்னு கேட்டுக் கேட்டு வளர்ந்தவ நான். கழுவிட்டுத்தான் வந்திருப்பேன். அரை மணி நேரத்துல மறுபடி மினுமினுன்னு ஆயிடும். அழுக்கா இருக்கோம்ங்கற நினைப்பு மனசுல அப்படியே ஒட்டிக்கிச்சு, அந்த அழுக்க எப்படியாவது எடுத்துடணும்னுதான் அடுத்த பதினஞ்சு வருஷமும் ஓடுச்சு.

எரிச்சல் வந்த அந்த வாரமே ஸ்கின் டாக்டர்கிட்ட போனேன். அவங்க கிரீம் எழுதித் தருவாங்கன்னு போனா, முதல்ல கேட்டதே "என்னென்ன போடறீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க"ன்னுதான். சொல்லச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. காலையில நுரை வர ஃபேஸ்வாஷ், அதுக்கு மேல ஆல்கஹால் கலந்த டோனர், ஒரு வைட்டமின் சி சீரம், சாயங்காலம் வந்ததும் மறுபடி அதே ஃபேஸ்வாஷ், அப்புறம் ஸ்க்ரப், ஸ்க்ரப்புக்கு மேல சாலிசிலிக் ஆசிட், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளைகாலிக் ஆசிட், வாரத்துக்கு ரெண்டு தடவ க்ளே மாஸ்க், ஞாயித்துக்கிழமை மூக்குல ஒட்டி உரிக்கற ஸ்ட்ரிப். மாய்ஸ்சரைசர் என்னன்னு கேட்டாங்க. எண்ணெய் முகத்துக்கு எதுக்கு மாய்ஸ்சரைசர்னு நான் போடறதே இல்லைன்னு சொன்னேன். அவங்க பேனாவ கீழ வெச்சுட்டு, "உங்க முகத்துல நோய் கம்மிம்மா, காயம்தான் அதிகம். எல்லாத்தையும் எடுத்து ஓரமா வைங்க. நாலு வாரம் மூணே மூணு பொருள், அதுக்கப்புறம் வாங்க பாக்கலாம்"னாங்க.

அந்த நாலு வாரத்துல நிறைய படிச்சேன், அதுல எனக்கு ரொம்ப உதவினது போர்ஸ் எப்படி அடைக்குதுங்கற விஷயம்தான், ஏன்னா அது தெரிஞ்சா பாதி பொருள நாமளே தூக்கிப் போட்டுடுவோம். ஒவ்வொரு போருக்கும் அடியில ஒரு மெல்லிய முடி இருக்கு, அது பக்கத்துல எண்ணெய் சுரப்பி. அதுலேர்ந்து வர எண்ணெய்க்குப் பேரு சீபம், அதுல ட்ரைகிளிசரைடு, மெழுகு, ஸ்குவாலீன்னு பல கொழுப்பு கலந்து இருக்கும், அது மேல வந்து தோலுக்கு ஒரு படலமா படியணும். எண்ணெய் மேல வர அந்தக் குழாயோட உள் சுவர்லயும் நம்ம மேல்தோல் மாதிரியே செத்த செல்கள் உதிர்ந்துட்டே இருக்கும். சாதாரணமா தனித்தனியா உதிர்ந்து எண்ணெயோட வெளிய வந்துடும். சில பேருக்கு அந்த செல்கள் உதிராம ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, எண்ணெயோட சேந்து குழைஞ்சு ஒரு அடைப்பு மாதிரி நின்னுடும். குழாயோட வாய் திறந்து இருந்தா அது பிளாக்ஹெட், வாய் மூடி தோலுக்கு அடியிலயே நின்னா ஒயிட்ஹெட், நெத்தியில தடவிப் பாத்தா நெருநெருன்னு கைக்குத் தட்டுப்படுமே அதுதான்.

பிளாக்ஹெட்ல இருக்கற கறுப்பு அழுக்கு கிடையாது. மெலனின்னு நம்ம தோல் நிறத்துக்கே காரணமான அதே நிறமியும், காத்து பட்டு ஆக்சிடைஸ் ஆன கொழுப்பும்தான் அந்தக் கறுப்பு. எவ்வளவு தேச்சுக் கழுவினாலும் போகாது, ஏன்னா அது மேல ஒட்டின தூசி இல்ல, உள்ள நிக்கற அடைப்போட மேல்முனை. இத முதல் தடவ படிச்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, நிஜமாவே. அவ்வளவு வருஷமா நான் எத தேச்சு எடுக்கப் பாத்தேன்னு நினைச்சுட்டு.

இன்னொன்னு, மூக்கு. மூக்கு நுனியில, மூக்கோரத்துல சாம்பல் கலர்ல ஊசி முனை அளவுக்கு வரிசையா புள்ளி இருக்கும், நகத்தால அமுக்கினா வெள்ளையா நூல் மாதிரி நெளிஞ்சு வெளிய வரும். நான் உருப்பெருக்கற கண்ணாடிய வெச்சுக்கிட்டு மணிக்கணக்கா அதத்தான் பிதுக்கிட்டு இருந்தேன். அது பிளாக்ஹெட்டே இல்ல. செபேஷியஸ் ஃபிலமென்ட்னு சொல்லுவாங்க, எண்ணெய் மேல வர வழிக்கு உள்பூச்சு மாதிரி எல்லாருக்கும் இருக்கறது, எண்ணெய் சருமத்துல கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். பிதுக்கி எடுத்தா கிட்டத்தட்ட ஒரு மாசத்துக்குள்ள திரும்ப நிறைஞ்சிடும். மூக்குல ஸ்ட்ரிப் ஒட்டி உரிச்சதும் அதுல குட்டி குட்டியா நட்டுக்கிட்டு நிக்குமே, பாத்து சந்தோஷப்படுவோமே, பெரும்பாலும் அது இதுதான். பிளாக்ஹெட்னா கொஞ்சம் பெருசா, கறுப்பா, இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு தனியா தெரியும், ஃபிலமென்ட் சல்லடை மாதிரி ஒரே சீரா இருக்கும். இந்த வித்தியாசம் தெரிஞ்சதுக்கப்புறம் அந்தக் கண்ணாடிய பீரோவுக்குள்ள வெச்சுட்டேன்.

போர்ஸ் திறக்கறது மூடறதுன்னு ஒண்ணும் கிடையாது, அதுக்குன்னு தசையே இல்ல. ஆவி பிடிச்சா எண்ணெய் கொஞ்சம் இளகும், ஐஸ் வெச்சா வீக்கம் குறைஞ்சு கொஞ்ச நேரம் சின்னதாத் தெரியும், அவ்வளவுதான்.

சரி, அந்த மூணு பொருள். முதல்ல ஃபேஸ்வாஷ். புளிப்பா காரமான்னு அளக்கற கணக்குக்கு பி.எச்.னு பேரு, நம்ம தோலோட பி.எச். கிட்டத்தட்ட 5 பக்கம், அதாவது கொஞ்சம் புளிப்புப் பக்கம், சாதாரண சோப்புக் கட்டி 9, 10 வரைக்கும் போகும். அதப் போட்டுக் கழுவினதும் கன்னத்த விரலால தேச்சா கறக் கறக்னு சத்தம் வரும், சிரிச்சா தோல் இழுத்துப் பிடிக்கும். அதத்தான் நான் சுத்தம்னு நினைச்சேன். அது தோலுக்கு மேல இருக்கற பாதுகாப்புக் கொழுப்பையும் சேத்து உரிச்சு எடுத்துட்டதோட அறிகுறி. இப்ப நான் போடறது வாசனை இல்லாத, நுரை ரொம்ப வராத ஜெல், பி.எச். 5.5 பக்கம் இருக்கற ஒண்ணு, கழுவி முடிச்சதும் முகம் முகமா மட்டும் இருக்கும், இழுக்காது. கையாலயே மெதுவா அரை நிமிஷம், ரொம்ப சூடு இல்லாத தண்ணி, துண்டால ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது.

எத்தன தடவ கழுவறதுங்கறதுக்கு 2006ல வந்த ஒரு ஆய்வு இருக்கு, பரு இருக்கற ஆம்பளைங்கள ஒரு வேளை, ரெண்டு வேளை, நாலு வேளைன்னு பிரிச்சு ஆறு வாரம் மைல்டான ஃபேஸ்வாஷால கழுவச் சொல்லிப் பாத்தாங்க. ரெண்டு வேளை கழுவினவங்களுக்குத்தான் அடைப்பு குறைஞ்சுது, ஒரு வேளை மட்டும் கழுவினவங்களுக்கு கொஞ்சம் மோசமாச்சு, நாலு வேளை கழுவினதால கூடுதலா ஒரு லாபமும் இல்ல. சின்ன ஆய்வுதான், ஆனா டாக்டருங்க சொல்ற கணக்கும் இதேதான், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, நடுவுல நல்லா வேர்த்துச்சுன்னா அப்ப ஒண்ணு. மத்தியானத்துல எண்ணெய் வழிஞ்சா கழுவ ஓடாதீங்க, டிஷ்யூ பேப்பர வெச்சு ஒத்தி எடுங்க போதும்.

எண்ணெய நிறைய எடுத்துட்டா சுரப்பி பதறிப்போய் இன்னும் அதிகமா சுரக்கும்னு எல்லா இடத்துலயும் சொல்லுவாங்க. நானும் பல பேருக்கு சொல்லியிருக்கேன். ஆனா அந்த சுரப்பி முக்கியமா கேக்கறது ஆண்ட்ரோஜன் ஹார்மோன் பேச்சத்தான், அது ஆம்பளை பொம்பளை எல்லார் உடம்புலயும் இருக்கு. வெளிய நீங்க எத்தன தடவ துடைச்சீங்கன்னு கணக்கு வெச்சு அது வேலை செய்யறதில்ல. அதனால ஃபேஸ்வாஷ மாத்தி எண்ணெய் சுரக்கறத நிறுத்தவும் முடியாது. தேச்சுக் கழுவக் கூடாதுன்னு சொல்றதுக்குக் காரணம் வேற, தோல் புண்ணாகும், புண்ணான தோல்ல எந்த மருந்தும் எரியும், எரியறதால நல்ல மருந்தையும் பாதியில விட்டுடுவோம்.

மாய்ஸ்சரைசர் பத்தி நான் எவ்வளவு சொன்னாலும் எண்ணெய் முகக்காரங்க நம்ப மாட்டாங்க, நானும் நம்பலயே. எண்ணெய் வேற, ஈரம் வேற. முகத்து மேல எண்ணெய் மிதக்கும்போதே அடியில தோல் தண்ணி இல்லாம காஞ்சு கிடக்கலாம், அன்னிக்கு குழாயடியில எனக்கு நடந்தது அதேதான். கிளிசரின், ஹயலூரானிக் ஆசிட், செராமைட், டைமெத்திகோன் மாதிரி விஷயங்கள் இருக்கற லேசான ஜெல்லோ லோஷனோ பாருங்க, கெட்டியான க்ரீம் வேண்டாம். முகம் கொஞ்சம் ஈரமா இருக்கும்போதே பட்டாணி அளவு போட்டா போதும். முதல் ரெண்டு நாள் "அய்யோ இன்னும் பளபளக்குதே"ன்னு இருந்துச்சு, ஒரு வாரத்துல அந்த எரிச்சல் நின்னுச்சு, பத்தாவது நாள் தண்ணி அடிச்சேன், ஒண்ணுமே ஆகல. அந்த ஒண்ணுமே ஆகாததுதான் எனக்கு அன்னிக்கு எவ்வளவு பெரிய விஷயமா இருந்துச்சு தெரியுமா.

பாட்டில்ல நான்-காமடோஜெனிக், அதாவது போர்ஸ அடைக்காதுன்னு போட்டிருக்கறத ஒரு அளவுக்கு மேல நம்ப வேண்டாம். எந்தப் பொருள் போர்ஸ அடைக்கும்னு 0லேர்ந்து 5 வரைக்கும் மார்க் போட்டு ஒரு பட்டியல் சுத்துதே, அதுல நிறைய முயலோட காதுக்குள்ள தடவிப் பாத்து வந்த மார்க், முயல் காது மனுஷன் கன்னத்த விட ரொம்ப சீக்கிரம் அடைச்சுக்கும். அதுவும் ஒரு பொருள தனியா தடவிப் பாத்தது, க்ரீமுக்குள்ள அது எவ்வளவு இருக்கு எப்படிக் கலந்திருக்குங்கறதப் பொறுத்து எல்லாமே மாறும். அந்தப் பட்டியல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பாட்டிலா எழுத்துக்கூட்டிப் படிச்சு தூங்காம இருந்திருக்கேன். புதுசு எதுவா இருந்தாலும் தாடையோரம் ஒரு இடத்துல மட்டும் ஒரு ரெண்டு வாரம் போட்டுப் பாருங்க, உங்க தோல் சொல்றதுதான் கணக்கு.

மூணாவது சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30 இல்ல அதுக்கு மேல, ஜெல்லாவோ ஃப்ளூயிடாவோ இருந்தா எண்ணெய் முகத்துல பிசுபிசுன்னு நிக்காது. பரு ஆறின இடத்துல கறுப்புத் தழும்பு மாசக்கணக்கா போகாம நிக்கறதுக்கு வெயில் ஒரு பெரிய காரணம்.

நாலு வாரம் முடிஞ்சு திரும்பப் போனப்போதான் டாக்டர் சாலிசிலிக் ஆசிட்ட மறுபடி ஆரம்பிக்கச் சொன்னாங்க. எனக்கு ஆச்சரியம், அதுதானே எரிச்சுதுன்னு கேட்டேன். "அது நல்ல பொருள்தாம்மா, நீங்க போட்ட விதம்தான் தப்பு"ன்னாங்க. சாலிசிலிக் எண்ணெய்ல கரையும், அதனால எண்ணெய் நிறைஞ்ச அந்தக் குழாய்க்குள்ள இறங்கி, ஒட்டிக்கிட்டு நிக்கற செல்கள இளக்கி விடும், கிளைகாலிக் மாதிரி ஆசிட் தண்ணியில கரையறது, அது பெரும்பாலும் மேலோட வேலை. கடையில நேரா கிடைக்கறது 0.5லேர்ந்து 2 சதவீதம் வரைக்கும் இருக்கும். வாரத்துல ரெண்டு ராத்திரி, கழுவி நல்லா காஞ்ச முகத்துல மெல்லிசா ஒரு பூச்சு, அதுக்கு மேல மாய்ஸ்சரைசர். மூணு வாரம் தொந்தரவு இல்லன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள். நான் தினமும் போட்டதே கிடையாது, வேணும்னும் தோணல. ஆஸ்பிரின் ஒத்துக்காதவங்க இத டாக்டர்கிட்ட கேக்காம தொட வேண்டாம்.

அடைப்பு ரொம்ப பிடிவாதமா இருந்தா அதுக்கு சரியான மருந்து ரெட்டினாய்டுங்கற வைட்டமின் ஏ வகை மருந்துக் குடும்பம், அதுல அடபலீன் 0.1 சதவீதம் கொஞ்சம் சாந்தமானது. செல்கள் ஒட்டிக்கிட்டு அடைக்கறதையே அது மாத்துது, இருக்கற அடைப்ப எடுக்கறதோட புதுசா வராமலும் பாத்துக்கும். அமெரிக்காவுல 2016லேர்ந்து டாக்டர் சீட்டு இல்லாமலே விக்கறாங்க, பல நாட்டுல இன்னும் சீட்டு வேணும், எங்க இருந்தாலும் ஒரு தடவ டாக்டர்கிட்ட பேசிட்டு ஆரம்பிங்க. கர்ப்பமா இருக்கறவங்க, குழந்தைக்கு முயற்சி பண்றவங்க ரெட்டினாய்டு பக்கமே போகக் கூடாது. முதல் சில வாரம் காயும், உரியும், சில பேருக்கு பரு கூடற மாதிரி கூட இருக்கும். முதல்ல மாய்ஸ்சரைசர் போட்டு அதுக்கு மேல மருந்தப் போடறதுல தப்பே இல்ல. ஆனா சாலிசிலிக்கையும் இதையும் ஒரே ராத்திரி அடுக்காதீங்க.

செவந்து வீங்கற பருவும் கூட இருந்தா பென்சாயில் பெராக்ஸைடு. அதுல 2.5 சதவீதமே போதும், 10 சதவீதத்துக்கு சமமா வேலை செய்யுது, எரிச்சல் கம்மின்னு 1986லயே பாத்திருக்காங்க. தலகாணி உறை, துண்டு, சட்டைக் காலர் எல்லாத்தையும் வெளுத்துடும், என்னோட கறுநீல சட்டைக் காலர்ல இப்பவும் ஆரஞ்சு கலர்ல ஒரு திட்டு இருக்கு. நியாசினமைடும் நல்லது, 2 சதவீதத்துலேயே எண்ணெய் கொஞ்சம் குறையுதுன்னு ஆய்வு இருக்கு, எரிச்சலும் பெருசா இருக்காது, ஆனா கட்டாயம் இல்ல.

எலுமிச்சம் சாறு, பேக்கிங் சோடா, பற்பசை இதெல்லாம் முகத்துல வைக்காதீங்க தயவுசெஞ்சு. எலுமிச்சையோட பி.எச். 2 பக்கம், அத தடவிட்டு வெயில்ல போனா கொப்புளம் வந்து கறுத்துப் போகக் கூட வாய்ப்பு இருக்கு. சோடா நேர் எதிர்ப் பக்கம். ஸ்டீராய்டு கலந்த க்ரீம யாராவது "ஒரு வாரத்துல பளிச்"னு குடுத்தா வாங்கவே வாங்காதீங்க, முதல்ல பளிச்சுன்னுதான் ஆகும், கொஞ்ச நாள்ல தோல் மெலிஞ்சு ரத்தக் குழாய் தெரிய ஆரம்பிச்சு ஒரே மாதிரி பருவா கொட்டும், நிறுத்தினா இன்னும் எரியும். எனக்கு நெருங்கின ஒருத்தி அதுலேர்ந்து வெளிய வர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த ஒரு வருஷம் அவ கேமரா முன்னாடியே நிக்கல.

நெத்தியில மட்டும் பொரிப்பொரியா இருக்கா, தலைமுடிக்கு என்ன போடறீங்கன்னு பாருங்க. எண்ணெய், ஜெல், கண்டிஷனர் எல்லாம் நெத்தி ஓரத்துல இறங்கி அடைக்கும். நான் தலைக்குக் குளிச்சு கண்டிஷனர அலசினதுக்கு அப்புறம்தான் இப்ப முகம் கழுவறேன், அந்த வரிசைய மாத்தினதுலேயே முடியோரம் பாதி குறைஞ்சுது. அந்தப் பொரி எல்லாம் ஒரே அளவா இருந்து அரிக்கவும் செஞ்சா அது மலசீசியான்னு ஒரு ஈஸ்ட்டால வரதா இருக்கலாம், அதுக்கு வேற மருந்து, பரு மருந்து போட்டு மாசக்கணக்கா காத்திருக்காதீங்க. பீரியட்ஸ் தள்ளித் தள்ளிப் போகுது, தாடையில கெட்டி முடி வருது, தாடையோரமே பரு வருதுன்னா ஹார்மோன் பாக்கணும். ஆழமா கட்டி மாதிரி வலிக்கற பரு வந்து குழி விழுதுன்னா தாமதிக்கவே வேண்டாம், தழும்பு விழுந்ததுக்கு அப்புறம் சரி பண்றது ரொம்பக் கஷ்டம்.

எவ்வளவு நாள் ஆகும்னுதான் எல்லாரும் கேப்பாங்க. மேல்தோல் அடியிலேர்ந்து மேல வந்து உதிர கிட்டத்தட்ட நாலு வாரம், வயசாக ஆக இன்னும் கூட ஆகும், அதனால எந்த மருந்தையும் ஒரு எட்டு வாரம் பன்னெண்டு வாரமாவது ஒழுங்காப் போடாம நல்லது கெட்டது சொல்ல முடியாது. நான் முன்னாடி பத்து நாளைக்கு ஒண்ணு மாத்துவேன். இந்த தடவ தினமும் பாக்கறத விட்டுட்டு, ஞாயித்துக்கிழமை மட்டும் ஜன்னலுக்குப் பக்கவாட்டுல நின்னு, வெளிச்சம் ஒரு பக்கமா விழற மாதிரி வெச்சு ஒரு ஃபோட்டோ எடுத்துப்பேன். நேரா பாத்தா தெரியாத பொரி அந்த சைடு வெளிச்சத்துல மணல் தூவின மாதிரி தெரியும். முதல் அஞ்சு ஃபோட்டோவுல ஒரு வித்தியாசமும் இல்ல. ஏழாவதுல வலது பக்கப் புருவத்துக்கு மேல மட்டும் ஒரு இடம் வழுவழுன்னு இருந்துச்சு. பன்னெண்டாவதுல மணல் ஓரத்துக்கு ஒதுங்கிடுச்சு.

என் தங்கச்சிக்கும் இதே முகம். அவளும் ஒரு பை நிறைய பாட்டில் வெச்சிருந்தா, எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு மூணுல ஆரம்பிச்சு, ஒரு மாசம் கழிச்சு சாலிசிலிக் சேத்து இப்ப மூணு மாசம் ஆகுது. போன வாரம் வீடியோ கால்ல வந்தா, மூஞ்சிய தூக்கி வெச்சுட்டு, "அக்கா, ஒண்ணும் போகல, மூக்குல பாரு, அப்படியே இருக்கு"ன்னா.

"அது ஃபிலமென்ட்டுடீ, அது அங்கதான் இருக்கும். நீ ஜன்னல் பக்கம் போ, நெத்திய காட்டு."

முடிய ஒரு கையால ஒதுக்கிட்டு போய் நின்னா. வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்துச்சு. ஃபோன கிட்ட கொண்டு வரச் சொன்னேன், இன்னும் கிட்டன்னு சொன்னேன். நெத்தியில மணல் இல்ல. அவளே விரலால ரெண்டு தடவ தடவிப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாம மறுபடி ஒரு தடவ தடவினா.